வடகயிறு

மே 13

வந்து சேர்ந்தேன். திருச்சியிலிருந்து ஒன்பது மணி நேரம், மூன்று பேருந்து. புன்னைத்துறைதான் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் பேருந்து போனால் கடல்.

டெல்ஃபின் ஏழாம் மாதமே பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது எட்டு முடியப்போகிறது. வாசலில் இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். அவள் அம்மா, என் அத்தை, பக்கத்தில் இருந்ததால், "வந்துட்டாவளா?" என்று என்னைப் பற்றி என்னிடமே கேட்டாள். அறைக்குள் வந்ததும், "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றாள்.

சாப்பிடும்போது மாமா கேட்டார். மாமா என்றால் டெல்ஃபினின் அப்பா, கஸ்பார். முப்பது வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். இப்போது ஓய்வு.

"காலேஜு எப்பம் தொறக்காவ மாப்ள?"

"ஜூன் பதினேழு மாமா."

உண்மைதான். கல்லூரி ஜூன் பதினேழு திறக்கிறது. எனக்காகத் திறக்கவில்லை.

தத்துவத் துறையை மூடிவிட்டார்கள். மாணவர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் தவறுதலாகச் சேர்ந்தவன். பணிநீக்கக் கடிதம் ஏப்ரல் 26ஆம் தேதியிட்டது. கொண்டுவந்த ஒரே தடித்த புத்தகத்தில் வைத்திருக்கிறேன், 186ஆம் பக்கம்.

இந்த வீட்டில் எனக்குப் பெண் கொடுத்ததற்கு இருந்த ஒரே காரணம் 'லெக்சரர்' என்ற சொல். சாதி, ஊர், உயரம் எதுவும் பொருந்தவில்லை.

டெல்ஃபினிடம் பிரசவத்துக்கு முன் சொல்ல வேண்டும். டாக்டர் கொடுத்த தேதி ஜூன் 20. முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. போதும்.

மே 14

மாமா ஒரு தூண்டில் கொடுத்தார். கட்டையில் சுற்றிய நைலான் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேல் இரண்டு முள். கம்பு கிடையாது. தலைக்கு மேல் சுழற்றி எறிய வேண்டும்.

எறிந்தேன். என் சட்டையில் மாட்டியது.

"மொத மீனே பெரிசுதான்," என்றார் மாமா. சிரிக்கவில்லை. முள்ளை எடுத்துவிட்டார்.

கடற்கரை ஒரு வளைவு. தெற்கே ஒரு மணல்திட்டு கடலுக்குள் நீண்டு, உள்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. அதனால் அலை இல்லை. தண்ணீர் வருகிறது, மன்னிப்புக் கேட்பதுபோல் திரும்பிப் போகிறது. மாமா காலை ஆறு முதல் எட்டு வரை இங்கே உட்காருகிறார். இரை, இறால் துண்டு. அதைப் பழைய செய்தித்தாளில் மடித்து வருகிறார். ஏழு மணிக்குள் தாள் ஊறிக் கிழிந்துவிடும். தினமும் கிழிகிறது. தினமும் செய்தித்தாளைத் திட்டுகிறார்.

நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டு வைத்திருக்க வேண்டும். மீன் தொட்டால் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாது. வெரலுக்குத் தெரியும்."

மே 15

மாமாவுக்குப் பதினொரு மீன். எனக்கு இல்லை.

மே 17

ஒரு கிழங்கான். விரல் நீளம், மணல் நிறம். மணலில் போட்டால் கண்ணுக்குத் தெரியவில்லை. டெல்ஃபினிடம் காட்டினேன். "இதுக்கு நாலு நாளா?" என்றாள்.

இன்று கரைவலை பார்த்தேன். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகிறது. வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், நானூறு அடி தள்ளி இன்னொரு கயிற்றோடு கரையேறுகிறது. பிறகு வடகயிற்றில் இருபது பேர், தென்கயிற்றில் இருபது பேர். இழுக்கிறார்கள். பாட்டு இல்லை. ஒருவருக்கு ரீசார்ஜ் தீர்ந்தது பற்றிய பேச்சு. வலையின் மடி, மீன் சேரும் பை, கரைக்கு வந்ததும் மீனைக் குவித்து, மணலிலேயே கூறு போட்டுப் பங்கு.

எல்லாம் நடக்கும்போது மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மே 19

ஞாயிறு. ஊர் முழுவதும் கோயிலில். கடலில் ஒருவரும் இல்லை.

டெல்ஃபின் படிக்க ஏதாவது கேட்டாள். புத்தகத்தைக் கொடுத்தேன். குளிக்கும்போது கடிதம் நினைவுக்கு வந்தது. சோப்போடு வெளியே வர முடியாது. வந்து பார்த்தபோது அவள் தூங்கியிருந்தாள், புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் மூடியபடி. திறந்து பார்த்தேன். கடிதம் பத்திரமாக இருந்தது, 212ஆம் பக்கத்தில். அவள் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள். முதல் அத்தியாயத்தை யாருமே தாண்டுவதில்லை.

நிம்மதி.

மே 20

காலையில் டெல்ஃபின் எழுப்பினாள்.

"இன்னைக்கி வலை இருக்கு. சும்மா நின்னு பாக்காத, கயித்தப் புடி."

"எனக்குத் தெரியாதே."

"இழுக்கிறதுக்குப் படிப்பு வேணாம்."

போனேன். வடகயிற்றில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிடித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார். ரீசார்ஜ் பேச்சு நின்றுவிட்டது. வலைக்குத் தலைவர் தொம்மை, இவர்கள் தண்டல் என்கிறார்கள், தண்ணீர் ஓரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புதியவன் என்பதால் என்று நினைத்தேன்.

பின்னால் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஓரம் போய் மறுபடி முதல் ஆளாகிறார். ஆக யாரும் முதல் ஆளில்லை, யாரும் கடைசி ஆளில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். நான்கு பேர் படிப்பார்கள்.

ஒரு மணி நேரம். உள்ளங்கை இரண்டும் உரிந்தன. சாளை மீன் நிறைய. தொம்மை எனக்கும் ஒரு கூறு ஒதுக்கினார். வேண்டாம் என்றேன்.

"வேணாம்னு சொல்லக் கூடாது மாப்ள," என்றார். குரல் மென்மையாக இருந்தது. இங்கே யாரும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

மாமா தூண்டிலைச் சுற்றிக்கொண்டு எழுந்து போயிருந்தார். மணி ஏழே கால்தான்.

அத்தை பையைத் திறந்து பார்த்தார். "பங்கா?" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாக. அவர் மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். மதியம் குழம்பு வைத்தார். மாமாவுக்குப் பசியில்லை. அத்தைக்கும் பசியில்லை. டெல்ஃபின் ஏழு மீன் சாப்பிட்டாள்.

மே 21

பக்கத்து வீட்டு வியாகுலம் அக்கா, மீன் விற்பவர், வேலிக்கு மேலே கையை நீட்டி எனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

"எல்லாம் சரியாப் போவும். சாப்புடுங்க," என்றார்.

எது சரியாகிவிடும் என்று தெரியவில்லை. பழம் நன்றாக இருந்தது.

மே 22

தெரிந்துவிட்டது.

டீக்கடையில் தொம்மை என் டீக்கும் சேர்த்துச் சொன்னார். ஏன் என்றேன். கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"இங்கன ஒரு மொற உண்டு மாப்ள. கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு. யாரு, எவரு, எதுக்குத் தொட்டேன்னு கேக்கக் கூடாது. தொட்டா, அன்னைக்கி அவன் வீட்டுல ஒல கொதிக்கணும். அம்புட்டுதான்."

"நல்ல முறைதானே."

"நல்ல மொறதான். அதனால தேவ இல்லாதவன் தொட மாட்டான். மாப்ளமாரு கரையில நின்னு பாப்பாவ, போட்டா புடிப்பாவ, போயிருவாவ. எம் மச்சான் ஒருத்தன் கம்பெனில வேல போனதும் வந்து தொட்டான். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. ஊருக்கே தெரிஞ்சி போச்சி." டீயை உறிஞ்சினார். "ஒங்க மாமா கப்பலுக்குப் போன நாள்லருந்து அந்த வீட்டுல ஒருத்தரும் கயித்தத் தொட்டதில்ல. முப்பது வருசம்."

"நான் சும்மா..."

"நான் ஒண்ணும் கேக்கல மாப்ள. கேக்கக் கூடாது."

சும்மாதான் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் புரிந்துகொண்டது சரி. தவறான காரணத்துக்காகக் கயிற்றைப் பிடித்து, சரியான செய்தியை அறிவித்திருக்கிறேன். கோயில் மைக்கில் சொல்லியிருந்தால்கூட நாலு பேருக்குக் காது கேட்காமல் போயிருக்கும்.

மே 23

மாமா தூண்டிலுக்கு வரவில்லை. மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மே 24

மின்விசிறி.

மே 25

மின்விசிறியை மறுபடி மாட்டிவிட்டார். முன்பு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓடவில்லை.

மே 26

அத்தை கிணற்றடியில் என்னை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னார்.

"அவகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம். புள்ள நல்லபடியா பொறக்கட்டும். ஊருல எல்லார்ட்டயும் சொல்லியாச்சி."

"எல்லார்ட்டயும் என்ன அத்தை சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்."

மே 27

ஊர் ஒத்துழைக்கிறது. வியாகுலம் அக்கா எங்கள் ஜன்னலுக்கு நேர்கீழே நின்று தெருவுக்கே கேட்கும்படி, "காலேஜுல சம்பளம் கூட்டிட்டாவளாமே மாப்ள! சந்தோசம்!" என்றார். நான் தலையாட்டினேன்.

அறைக்குள் டெல்ஃபின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திருப்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள உதைக்குது, கூச்சமா இருக்கு," என்றாள்.

மே 29

மாமா வந்தார். பத்தடி தள்ளி உட்கார்வார், இன்று ஐந்தடி. இரண்டு முறை இரை மாற்றினார். பிறகு:

"தத்துவம்னா என்ன மாப்ள? நாலு வருசமா எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுதேன், என் மருமவன் தத்துவம் படிப்பிக்காருன்னு. ஒருத்தனும் என்னன்னு கேக்கல. கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்."

யோசித்தேன். எட்டு வருடம் படித்த விஷயம்.

"தெரியல மாமா. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவங்களுக்கும் தெரியல."

"நாலு பேரு போதாதா?"

"போதாதுன்னு சொல்லிட்டாங்க."

இதை நான் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மாமா நரம்பைச் சுண்டினார். ஒரு கிழங்கான் வந்தது. கழற்றி, பையில் போட்டு, இரை குத்தி, மறுபடி எறிந்தார்.

"நாளைக்கி வலை உண்டு," என்றார்.

"நான் போகல மாமா."

"அது எப்புடி? தொட்டுட்டு விட்டா, ஒரு நாள் வயித்துக்குத் தொட்டான்னு ஆயிரும். அது இதவிட அசிங்கம்." இரைத்தாள் கிழிந்தது. திட்டினார். "வடகயித்துக்கே போங்க. தென்கயித்துல நிக்கிறவனுவ வாயில நல்ல பேச்சு வராது."

மே 30

போனேன். நெத்திலி.

ஜூன் 1

காய்ப்பு உரிந்து புதிய தோல் வந்து அதுவும் உரிந்தது. பேனா பிடிக்கச் சிரமம். அதனால் சுருக்கமாக.

ஜூன் 5

வலையில் ஒன்றும் இல்லை. சொறி எனப்படும் ஜெல்லிமீன் மட்டும், கூடை கூடையாக. பங்கு கிடையாது. வடகயிற்றில் ஒருவர், "மாப்ள கைராசி," என்றார். இன்னொருவர், "லே, படிச்ச கை, மெல்லத்தான் வேல செய்யும்," என்றார். முதல்முறையாக என்னைக் கிண்டல் செய்கிறார்கள். வாழைப்பழக் காலம் முடிந்தது.

ஜூன் 8

தொம்மை இன்னொரு முறையைச் சொன்னார். பிடித்த கயிற்றை மடி வரும்வரை விடக் கூடாது. சாவோ சமஞ்சதோ, போயே தீர வேண்டுமென்றால் அதே வீட்டு ஆள் ஒருவர் வந்து பிடித்த பிறகுதான் போகலாம்.

"ஒங்களுக்கு அந்தக் கஷ்டம் வராது," என்றார். "ஒங்க வீட்டுல வேற ஆளே கெடையாதுல்லா."

மாமா இருபது அடி தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 10

அத்தை சொல்லக் கூடாது என்கிறார். நானோ சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமலிருப்பது சரியில்லை. இரண்டு வாக்கியம் தயார் செய்தேன். முதல் வாக்கியத்தில் 'எதிர்பாராத' என்ற சொல் இருந்தது. நீக்கினேன். நான்கு மாணவர்கள் இருக்கும்போது எதிர்பாராதது என்று சொல்ல முடியாது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பதினாறாம் தேதிக்கு பஸ் டிக்கெட் போடணும்," என்றேன். தயார் செய்த வாக்கியம் இது இல்லை.

"எதுக்கு? லீவு போடு."

"எத்தனை நாள்?"

"இருக்கிற லீவு எல்லாத்தையும் போடு," என்றாள். என் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள்.

ஜூன் 14

டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆறுதான்.

ஜூன் 17

கல்லூரி திறந்தது. ஆறு மணிக்கு வடகயிறு. ஒன்பதரைக்கு, முதல் வகுப்பு தொடங்கும் நேரம், மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளை விடுவித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கடித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னலடியில் வியாகுலம் அக்கா: "லீவு குடுத்துட்டாவளா மாப்ள! நல்ல காலேஜு!"

ஜூன் 20

டாக்டர் சொன்ன தேதி. ஒன்றும் நடக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 21

வரிசையாக எழுதுகிறேன்.

வலை பாதி வந்திருந்தது. கயிறு கனமாக இருந்தது. நிறைய இருக்கிறது என்று தொம்மை கையைக் காட்டினார். அப்போது மாமா வந்தார். ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"மாப்ள, ஆட்டோ நிக்கி. வலி வந்துட்டு. போங்க."

நான் கயிற்றை விடவில்லை. எனக்கே புரியவில்லை. தொம்மையைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்தார். இருபது பேரும் மாமாவைப் பார்த்தார்கள். கயிறு கொஞ்சம் கடல் பக்கம் நழுவியது.

"என்னலே பாக்கிய?" என்றார் மாமா, பொதுவாக எல்லாரையும். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். என் இரண்டு கைக்கும் நடுவில் தன் கைகளை வைத்துப் பிடித்தார்.

"விடுங்க," என்றார்.

விட்டேன். முப்பது வருடம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் மட்டும், "அண்ணாச்சி, சட்டை அழுக்காவும்," என்றார்.

"ஒங் கயித்தப் பாருல."

ஆட்டோவில் டெல்ஃபின் என் கையைப் பிடித்திருந்தாள். புதுத்தோல் மறுபடி உரிந்தது.

பெண். பகல் 12.40. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அழுகை பலமாக இருந்தது. இருவரும் நலம்.

இரண்டு மணிக்கு டெல்ஃபினின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை போய்விட்டது என்று சொன்னேன். துறையை மூடியது, கடிதம், தேதி, எல்லாம். தெளிவாக, கோர்வையாகச் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு மாமா வந்தார். வெள்ளைச் சட்டை இடுப்புவரை நனைந்து, காய்ந்து, மணல். கையில் ஒரு பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மீனெல்லாம் வார்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது," என்றார் நர்ஸ்.

"காரலு," என்றார் மாமா, அது மீனில்லை என்பதுபோல. பிள்ளையைப் பார்த்தார். பிறகு பையைக் கொஞ்சம் தூக்கி, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பங்கு."

ஜூன் 24

வீட்டுக்கு வந்தாயிற்று. காரல் உள்ளங்கையில் பாதி அளவு, வெள்ளித்தாள்போல் மினுங்கும், முள்தான் அதிகம். பூண்டு, மிளகு போட்டு அவித்துக் கொடுத்தால் பால் ஊறும் என்கிறார்கள். மாமாவின் பங்கு முதல் நாளே தீர்ந்துவிட்டது. இன்று காலை நான் போய்க் கொண்டுவந்தேன். அத்தை பையைத் திறந்து பார்த்தார். தட்டுப் போட்டு மூடவில்லை. "நாளைக்கும் கெடச்சா கொண்டு வாங்க," என்றார்.

டெல்ஃபின் கிண்ணத்தை நக்கிச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அவள் விழித்திருந்தாள். சொன்னேன்.

"ஆஸ்பத்திரியிலயே சொன்னியே," என்றாள்.

"தூங்கிட்டிருந்த."

"கண்ணை மூடியிருந்தேன். நல்லாச் சொன்ன. கெளாஸ் எடுக்கிற மாதிரி."

பிள்ளை அழுதது. பேச்சு நின்றது.

ஜூன் 25

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மே 13: 186ஆம் பக்கம். மே 19: 212ஆம் பக்கம். மே 20: 'சும்மா நின்னு பாக்காத, கயித்தப் புடி.'

எழுதியவன் நான். படித்தவனும் நான். முப்பத்தாறு நாள் ஆகியிருக்கிறது.

அவள் இந்த ஊரில் பிறந்தவள். கயிற்றைத் தொட்டால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடம் தர்க்கம் படித்திருக்கிறேன்.

நோட்டை அவளிடம் காட்டினேன். மூன்று இடத்தையும் விரலால் தொட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தாள்.

"அந்தப் புத்தகத்த எடுத்ததும் லெட்டர் கீழ விழுந்துட்டு," என்றாள். "எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்ப. நீயா சொல்றதுக்குள்ள இவ காலேஜுக்குப் போயிருவா. எங்கப்பாட்ட ஒக்காந்து சொல்லியிருப்பியா நீ? ஊருல ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லியிருப்பியா? ஒரே நாள்ல முடிஞ்சிதா இல்லியா?"

"உங்க அப்பா மூணு நாள் மின்விசிறியப் பிரிச்சார்."

"ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன்," என்றாள்.

ஜூன் 26

வலை இல்லை. தூண்டில். மாமா பத்தடியும் இல்லை, ஐந்தடியும் இல்லை, கை நீட்டினால் தொடும் தூரத்தில். வீட்டில் செய்தித்தாள் தீர்ந்துவிட்டது, இரை மடிக்க ஏதாவது தாள் இருக்கிறதா என்று கிளம்பும்போது கேட்டார். புத்தகத்தைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நகல் மின்னஞ்சலில் இருக்கிறது.

மடித்துப் பார்த்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கட்டித் தாளு," என்றார்.

எட்டு மணிவரை கிழியவில்லை. எனக்கு ஆறு கிழங்கான்.